இத்தாலிக் குடைமிளகாயும் மிச்சச் சோறும்

இயர் எண்டிங் முடிந்து, ஆடிட்டர்களும் பெட்டியைக் கட்டிக்கொண்டு போயாச்சு. ரொம்ப நாளாக மனசுக்குள் பொருமிக்கொண்டிருந்த ஒரு விஷயத்தை எழுத இன்றைக்குத்தான் நேரம் கிடைத்தது. அரசியல் எல்லாம் இல்லை. குடைமிளகாய். அதிலும் ரெஸ்டாரண்ட் மெனுக்களில் 'இத்தாலியன் ஸ்டஃப்டு கேப்சிகம்' என்று வருகிறதே, அது.

சிரிக்காதீர்கள். ஊரைவிட்டு வந்து குடும்பம் நடத்தும் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு பாஸ்தா, பீட்ஸா, 'ஏதாவது இத்தாலியன்'. பெரியவர்களுக்கு ரசம் சாதம், அப்பளம். ஒரே வீட்டில் இரண்டு சமையல். ஏழு மணிக்கே அம்மாவோ மாமியாரோ தனியாக உட்கார்ந்து மோர் சாதம் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போய்விடுவார்கள். ஒன்பது மணிக்கு மற்றவர்கள் டிவி முன்னால் தட்டோடு உட்காருவார்கள். யாரும் யாரோடும் சண்டை போடவில்லை, ஆனால் சேர்ந்தும் சாப்பிடவில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு வருஷம் போல இப்படித்தான் ஓடியது.

இதில் என் கட்சி என்னவென்றால், குற்றம் இத்தாலிச் சாப்பாட்டின் மேல் இல்லை. நாம் இத்தாலி என்று நினைத்துக்கொண்டு காசு கொடுத்து வாங்குகிற சரக்கின் மேல்தான். அந்த ஊர் வீடுகளில் குடைமிளகாயை எப்படி அடைக்கிறார்களோ அப்படியே நம் வீட்டிலும் செய்தால், எழுபது வயது ஆச்சியும் பதினைந்து வயதுப் பேத்தியும் ஒரே தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடலாம். அதற்குச் சீஸ் மலை வேண்டாம், இறக்குமதிக் கடை வேண்டாம். நேற்றைய சோறும் முந்தாநாள் பாவும் போதும்.

முதலில் ரெஸ்டாரண்டில் வருவது என்ன என்று பார்ப்போம். பச்சைக் குடைமிளகாயை இரண்டாக வெட்டி, உள்ளே பனீர், ஸ்வீட் கார்ன், வெங்காயம். மேலே ப்ராசஸ்டு சீஸ் ஒரு போர்வை. அதன்மேல் ஓரிகானோ, மிளகாய்ச் செதில். சாப்பிட நன்றாகத்தான் இருக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது பஞ்சாபிச் சமையலுக்கு இத்தாலிச் சட்டை மாட்டிவிட்டது. நான் லூதியானாவில் மூன்று வருஷம் இருந்தவன். அங்கே வீடுகளில் செய்யும் 'பர்வான் சிம்லா மிர்ச்' எவ்வளவோ மேல். உருளைக்கிழங்கு, ஆம்சூர், கொஞ்சம் சோம்பு, தவாவில் மெதுவாகச் சுட்டது. அதற்குப் பிறகு ஹூப்ளி. அங்கே 'தொண்ணெ மெணசினகாயி' என்பார்கள். வேர்க்கடலை, எள், கொப்பரை அரைத்து உள்ளே வைப்பார்கள். இப்போது புனேயில் 'டோப்ளி மிர்ச்சி', உள்ளே கடலைமாவு. நாம் கத்தரிக்காயில் செய்வதை இவர்கள் குடைமிளகாயில் செய்கிறார்கள், அவ்வளவுதான். உள்ளே எதையாவது அடைத்துச் சமைப்பது இந்த நாட்டில் யாருக்கும் புதிசு இல்லை.

அப்படியானால் இத்தாலிக்காரன் என்ன தனியாகச் செய்கிறான்?

அங்கே இதற்குப் பெயர் 'பெப்பெரோனி ரிப்பியேனி'. பெப்பெரோனி என்றால் குடைமிளகாய், ரிப்பியேனி என்றால் அடைத்தது. (நடுவே ஒரு எச்சரிக்கை. பீட்ஸாக் கடை மெனுவில் 'பெப்பரோனி' என்று போட்டிருந்தால் அது குடைமிளகாய் இல்லை. அது அமெரிக்காவில் பிறந்த ஒரு வகைக் காரமான இறைச்சித் தொத்து, பெரும்பாலும் பன்றியும் மாடும் சேர்ந்தது. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்.) வடக்கே டூரின் நகரத்துக்குப் பக்கத்தில் கார்மாஞோலா என்று ஒரு ஊர். நமக்கு மணப்பாறை முறுக்கு மாதிரி அவர்களுக்கு கார்மாஞோலா குடைமிளகாய். சதுரமாக ஒரு ரகம், எருதுக் கொம்பு மாதிரி நீளமாக ஒன்று, பம்பரம் மாதிரி கூராக ஒன்று. கோடை முடியும் நேரத்தில் அதற்கென்று திருவிழாவே நடத்துகிறார்கள். வடக்கு வீடுகளில் பெரும்பாலும் கொத்துக்கறியும் சோறும் அடைப்பார்கள். கறி என்றால் கிலோ கணக்கில் இல்லை. முந்தின நாள் மீந்த கொஞ்சம் கறியை நாலு பேருக்கு நிரவ வேண்டும், அதற்குத்தான் சோறு, அதற்குத்தான் முட்டை. தெற்கே போகப் போகக் கறி குறைந்து ரொட்டி கூடும். நேப்பிள்ஸ் பக்கம் வறுத்த கத்தரிக்காய், காய்ந்த ரொட்டித் தூள், ஆலிவ், கேப்பர் என்கிற உப்பிலிட்ட மொட்டு, சில வீடுகளில் நெத்திலி. சீஸ் இருந்தால் ஒரு கைப்பிடி. இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

தெற்கு இத்தாலியில் சீஸ் வாங்க வசதியில்லாத வீடுகளில் ரொட்டித் தூளை எண்ணெயில் மொறுமொறுவென்று வறுத்து பாஸ்தாமேல் தூவிக்கொள்வார்கள். ஏழையின் பார்மேசான் என்றே அதற்குப் பெயர். டஸ்கனியில் 'ரிபோல்லிதா' என்று ஒரு சூப் உண்டு. பெயருக்கு அர்த்தமே 'மறுபடி கொதித்தது'. மீந்த காய்கறி சூப்பில் காய்ந்த ரொட்டியைப் போட்டு மறுநாள் திரும்பக் கொதிக்க வைப்பது. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் சுண்டக்கறி சாப்பிட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்த மாதிரிச் சமையலுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'குச்சினா போவெரா', அதாவது ஏழை அடுப்படி.

அந்த ஏழை அடுப்படிச் சமாச்சாரம்தான் இங்கே வந்து ஒரு பிளேட் 480 ரூபாய் ஆகிறது. ஐந்து சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்து 504. பிளேட்டுக்கு இரண்டு பாதி. நாலு பேர் போனால் இது மட்டுமே 2,016 ரூபாய். ரெஸ்டாரண்ட்காரரை நான் திட்ட மாட்டேன். அவர்கள் கொண்டுவரும் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைப் பார்த்துக் கடன் சிபாரிசு செய்கிற வேலையில் இருக்கிறவன் நான். வாடகை, சம்பளம், வட்டி எல்லாம் போனபிறகு அவர் கையில் நிற்பது கொஞ்சம்தான். தட்டில் இருக்கும் பொருளின் விலை பில்லில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் கடை தாங்காது. அவர் நியாயம் அவருக்கு. நாம் வீட்டிலும் அதே மாதிரி பனீர், கார்ன், இரண்டு வகை சீஸ் என்று வாங்கிப் போட்டுக் கொண்டிருப்பதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பி.காம். படித்தவன் கணக்கு எழுதாமல் இருக்க முடியாது. போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கணக்கு இது: சிவப்பும் மஞ்சளுமாகப் பெரிய குடைமிளகாய் நாலு, 800 கிராம், 160 ரூபாய். கத்தரிக்காய் கால் கிலோ 15. தக்காளி அரைக் கிலோ 20. வெங்காயம், பூண்டு 10. பாவ் மூன்று 12. ஆலிவ் எண்ணெய் மூன்று மேஜைக்கரண்டி 45. சீஸ் 50 கிராம் 30. ஓடிஜி 1,500 வாட், சூடேற்றும் நேரத்தையும் சேர்த்து ஐம்பது நிமிஷம், கூடிப்போனால் ஒன்றேகால் யூனிட், 12 ரூபாய். மொத்தம் 304. எட்டுப் பாதி, நாலு பேர் ராத்திரிச் சாப்பாடு. சோற்றுக்குக் கணக்கு எழுதவில்லை, அது மத்தியானம் மீந்தது.

இனி என் வீட்டில் உண்மையாகவே முக்கியமாகிப் போன விஷயத்துக்கு வருகிறேன். சீஸ்.

அம்மா சைவம். முட்டைகூடக் கிடையாது. பேத்தி ஆசையாக ஊட்டினால் ஒரு வாய் பாஸ்தா வாங்கிக்கொள்வார். நம் வீடுகளில் பலபேர் சீஸ் என்றால் பால்தானே, சைவம்தானே என்று நினைக்கிறோம். எல்லாச் சீஸும் அப்படி இல்லை. பாலைத் திரிய வைக்க ரென்னெட் என்று ஒன்று சேர்ப்பார்கள். பழைய முறையில் அது பால்குடிக் கன்றின் வயிற்றிலிருந்து எடுப்பது. இப்போது நுண்ணுயிரிலிருந்து எடுக்கும் ரென்னெட்டும் உண்டு, இந்தியாவில் அமுல் போன்றவர்கள் பயன்படுத்துவது அதுதான். ஆனால் அசல் இத்தாலியப் பார்மிஜானோ ரெஜ்ஜானோ இருக்கிறதே, அதன் செய்முறை விதிப்படியே கன்றின் ரென்னெட்தான் சேர்க்க வேண்டும், வேறு எதுவும் கூடாது. கிரானா பதானோவும் மிருக ரென்னெட்தான். பெக்கோரினோ ரோமானோவுக்கு ஆட்டுக்குட்டி.

இங்கே ஒரு பெரிய ரெஸ்டாரண்டில் மெனுவில் பச்சைப் புள்ளி போட்டிருந்த ஒரு அயிட்டத்துக்கு, மேலே துருவுவது என்ன சீஸ் என்று கேட்டேன். "இம்போர்ட்டட் பார்மிஜானோ ஸார், ஒரிஜினல்" என்று பெருமையாகச் சொன்னார் பையன். பச்சைப் புள்ளி எப்படி என்று கேட்டதற்கு, "சீஸ் வெஜ்தானே ஸார்" என்று திருப்பி என்னைக் கேட்டார். அவரைக் குறை சொல்லி என்ன பண்ண? மேனேஜருக்கும் தெரியவில்லை. பக்கத்து டேபிளில் ஒரு ஜெயின் குடும்பம் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நான் எதுவும் பேசவில்லை. பேசியிருக்க வேண்டுமா என்று இப்போதும் வீட்டில் விவாதம் ஓடுகிறது. தங்கமணி பேசியிருக்க வேண்டும் என்கிற கட்சி.

உணவுப் பொருளில் சேர்வது எதுவானாலும் அது செடியிலிருந்தா, மிருகத்திலிருந்தா, ஆய்வுக்கூடத்திலா என்று முழுசாகச் சொல்லியாக வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2021 டிசம்பரில் ஒரு உத்தரவு போட்டது. உத்தரவு உத்தரவாக இருக்கட்டும், நாம் பாக்கெட்டைத் திருப்பிப் படிக்கும் பழக்கத்தை விடக்கூடாது. 'மைக்ரோபியல் ரென்னெட்' என்று எழுதியிருந்தால் வாங்குங்கள். ஒன்றும் எழுதாமல் வெறும் 'ரென்னெட்' என்றிருந்தால் வைத்துவிடுங்கள். கறி சாப்பிடுகிற வீட்டுக்கு இது பிரச்சினையே இல்லை, அவர்கள் தாராளமாக அசல் பார்மிஜானோ வாங்கலாம், ருசிக்கு அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் வாழ்நாள் முழுக்க ஒரு நியதியோடு இருந்த ஒரு வயதானவரின் தட்டில், அவருக்கே தெரியாமல் அதைத் துருவிவிட்டு, 'ஆச்சிக்கும் இத்தாலியன் பிடிச்சிருக்கு' என்று நாம் சந்தோஷப்படுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டில் செய்ய வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். பில் தொகை இரண்டாவது காரணம்.

சரி, செய்முறை. சமையல் குறிப்பு மாதிரி எண் போட்டு எழுத எனக்கு வராது. சொல்லிக்கொண்டே போகிறேன்.

பச்சை வேண்டாம். பச்சைக் குடைமிளகாய் என்பது பழுக்காத காய், கொஞ்சம் கசக்கும், தோலும் மெலிசு. அதே காய் செடியிலேயே நின்று பழுத்தால்தான் சிவப்போ மஞ்சளோ ஆகிறது. அதனால்தான் அந்த விலை. செடியில் நாள் கூட, பாலிஹவுஸ் செலவும் கூட. இந்தச் சமையலின் ருசியே பழுத்த காயின் இனிப்புதான், அங்கே கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். புனேக்காரர்கள் மண்டை மார்க்கெட்டில் சாயங்காலம் கடை கட்டும் நேரத்தில் போனால் லேசாகச் சுருங்கினவை பாதி விலைக்குக் கிடைக்கும். அடைத்து வேகவைக்க அதுவே போதும். பச்சைதான் கிடைக்கிறது என்றால் உப்புப் போட்ட கொதிநீரில் இரண்டு மூன்று நிமிஷம் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள், கசப்பு கொஞ்சம் அடங்கும்.

காம்போடு சேர்த்து நீளவாக்கில் இரண்டாக வெட்ட வேண்டும். தலையைச் சீவிக் கிண்ணம் மாதிரி நிற்கவைப்பது போட்டோவுக்கு அழகு, ஆனால் சாயும், உள்ளே சரியாகச் சூடேறாது. விதையையும் வெள்ளை நரம்பையும் எடுத்துவிட்டு உள்பக்கம் உப்பைத் தடவி வையுங்கள். நிறையப் பேர் அடைப்பதற்கு மட்டும் உப்புப் போட்டுவிட்டுக் காய் சப்பென்று இருக்கிறது என்பார்கள்.

கத்தரிக்காயைச் சின்னச் சதுரமாக வெட்டி எண்ணெயில் நன்றாகச் சிவக்க வறுங்கள். கடலை எண்ணெய் போதும். 'ஆலிவ் பொமேஸ்' என்று பெரிய டின்னில் மலிவாக விற்பார்கள், அதை வாங்கிவிட்டு இத்தாலியே வீட்டுக்கு வந்துவிட்டதாக நினைக்காதீர்கள். ஆலிவைப் பிழிந்தபிறகு மிஞ்சும் சக்கையிலிருந்து ரசாயனம் கொண்டு பிரித்துச் சுத்திகரித்த எண்ணெய் அது. நல்ல எக்ஸ்ட்ரா வெர்ஜின் சின்ன பாட்டில் ஒன்று வாங்கிக் கடைசியில் மேலே ஊற்ற வைத்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணெய் மட்டும் கூடவே கூடாது, எள் வாசனை வந்தால் கதை மாறிவிடும்.

வெங்காயம், பூண்டு, பாதித் தக்காளி வதக்கி, அதில் இரண்டு கப் சோறு, வறுத்த கத்தரிக்காய், உப்பு, மிளகுத்தூள். சோறு பாஸ்மதியாக இருந்தால் உதிர்ந்து ஓடும். இத்தாலியில் இதற்குப் போடுவது குட்டையான, ஒட்டும் ரகம். இங்கே ஆம்பேமோஹர் கிடைக்கிறது, குட்டை, ஒட்டும், வாசனையும் உண்டு. சோனா மசூரி கொஞ்சம் குழைந்திருந்தால் அதுவும் பரவாயில்லை. ஒரு விஷயம், மத்தியானச் சோறு ஆறின உடனே ஃபிரிட்ஜில் போயிருக்க வேண்டும். நாள் முழுக்க மேடையில் கிடந்த சோற்றில் வளரும் கிருமியின் விஷம் திரும்பச் சூடாக்கினாலும் போகாது. நீராகாரம் ஊற்றி வைத்த பழைய சோறும் இதற்கு ஆகாது, அது வேறு ருசி, அதற்கு வேறு மரியாதை.

பாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மகாராஷ்டிராவில் இருப்பவர்களுக்கு இது அதிர்ஷ்டம். வாங்குவது எப்போதும் ஒரு லாதி, தின்பது பாதி, மீதி காய்ந்து தூக்கிப் போடுவது. பாவ் என்கிற பெயரே போர்ச்சுக்கீசிய ரொட்டியிலிருந்து வந்தது. இரண்டு நாள் காய்ந்த பாவை மிக்ஸியில் கரகரவென்று பொடித்து, பாதியை அடைப்பில் கலந்து, பாதியை எண்ணெயில் புரட்டி மேலே தூவுங்கள். வெந்ததும் அதுதான் மொறுமொறுப்பு. சீஸ் போர்வை செய்யும் வேலையை இது இன்னும் நன்றாகச் செய்கிறது. அதனால்தான் சீஸ் எட்டுப் பாதிக்கும் சேர்த்து 50 கிராம் போதும் என்கிறேன்.

பச்சிலைக்கு என்ன செய்வது? பீட்ஸாவோடு வரும் ஓரிகானோ பொட்டலங்கள் எல்லார் வீட்டு டிராயரிலும் இருபதாவது கிடக்கும் :-) அதை எடுங்கள். இல்லாவிட்டால் தொட்டியில் இருக்கும் ஓமவல்லியில் ஒரே ஒரு இலையைப் பொடியாக நறுக்கிப் போட்டுப் பாருங்கள். ஓரிகானோவின் காரவாசனைக்குக் காரணமான அதே சத்து இதிலும் உண்டு. ஒரு இலைக்கு மேல் போனால் இருமல் கஷாயம் ஆகிவிடும். பேசில் இலைக்கு துளசி போடாதீர்கள், அது வேறு செடி. ஆனால் நம் திருநீற்றுப்பச்சிலை பேசிலின் இனமேதான், தாவரப் பெயர்கூட ஒன்றுதான். ஃபலூடாவில் போடும் சப்ஜா விதை அதிலிருந்து வருவது. இத்தாலி ரகத்தைவிட வாசனை கொஞ்சம் தூக்கலாக இருக்கும், நாலு இலை போதும்.

கொத்தமல்லி, சீரகம், கரம் மசாலா வேண்டாம். இதில் எனக்கும் நண்பர்களுக்கும் ஒத்துப்போகாது. "நம்ம டேஸ்ட்டுக்குக் கொஞ்சம் மாத்திக்கலாமே" என்பார்கள். மாற்றுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் அப்போது அது பர்வான் மிர்ச், அதை அந்தப் பெயராலேயே கூப்பிட்டு இன்னும் நன்றாகச் செய்யலாம். மசாலா எல்லாவற்றையும் மூடிவிடும். பழுத்த குடைமிளகாய் என்றால் என்ன ருசி என்று தெரிய வேண்டுமானால் ஒரு நாளாவது அஞ்சறைப்பெட்டியைத் திறக்காமல் இருக்க வேண்டும்.

தட்டின் அடியில் மீதித் தக்காளியை மசித்துப் பரப்பி, அதன்மேல் பாதிகளை நெருக்கமாக அடுக்குங்கள். அடைப்பைத் திணிக்கக் கூடாது, சோறு கொஞ்சம் பெருக்கும். 180 டிகிரியில் ஃபாயில் மூடி இருபத்தைந்து நிமிஷம், திறந்து பதினைந்து நிமிஷம். ஓடிஜி இல்லாதவர்கள் கனமான வாணலியில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, மூடி, சிம்மில் அரைமணி வைக்கலாம். மேல்தூளை மட்டும் தனியாக வறுத்துக் கடைசியில் தூவிக்கொள்ளுங்கள். வெளியே எடுத்து இருபது நிமிஷம் தொடாதீர்கள். சுடச்சுட என்பது நம் ஊர் வழக்கம், இதற்குப் பொருந்தாது.

அம்மா அமாவாசை, கிருத்திகைக்கு வெங்காயம் பூண்டு சேர்ப்பதில்லை. அன்றைக்கு வதக்கலை இரண்டாகப் பிரித்து, இரண்டு பாதியில் மட்டும் அது இல்லாமல் வைத்து, அடையாளத்துக்கு மஞ்சள் காய். கறி வேண்டும் என்கிற வீடுகளில் நாலு பாதியில் கொத்துக்கறி வைத்து வேறு தட்டில் வேகவிடலாம். ஓவன் ஒன்றுதான், நேரமும் ஒன்றுதான். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சோற்றைக் குறைத்துக் கத்தரிக்காயைக் கூட்டிவிடலாம், நான் அம்மாவுக்கு அப்படித்தான் செய்கிறேன்.

"என்னத்தய்யா இது, மொளகாக்குள்ள சோறு?" என்றுதான் முதல் தடவை அம்மா கேட்டார். இது இத்தாலி ஆச்சி என்று மகள் விளக்க ஆரம்பித்தாள். கொலம்பஸ் கப்பல் அமெரிக்காவிலிருந்து மிளகாயைக் கொண்டுவந்தது, தக்காளியும் அந்தப் பக்கத்துச் சரக்குத்தான், இத்தாலிக்காரனுக்கும் நமக்கும் இரண்டும் வந்தேறிதான், கத்தரிக்காய் மட்டும் ஆசியாவிலிருந்து அரேபியர் வழியாக அங்கே போனது என்றெல்லாம் ஸ்கூல் ப்ராஜெக்டுக்குப் படித்ததை ஒப்பித்தாள். அம்மா பாதியைக் கேட்டாரா என்றே தெரியவில்லை. ஒரு பாதியை முடித்துவிட்டு, "அந்த மேல்தூளு நல்லாருக்கு. பாவ கருகவிடாம வறுக்கணும்லா, நாளைக்கு நான் வறுக்கேன்" என்றார். அடுத்த ஞாயிறிலிருந்து தூள் வறுப்பது அம்மா இலாகா. இரும்புச் சட்டியில், சின்னத் தீயில், பத்து நிமிஷம் விடாமல் கிளறுவார். என்னால் அந்தப் பதம் வரவில்லை.

'நம்ம சாப்பாடே ஆயிரம் இருக்க, இது எதுக்கு' என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம்ம சாப்பாட்டை விடச் சொல்லவில்லை, வாரத்தில் பதின்மூன்று வேளை அதுதான் ஓடுகிறது. பதினாலாவது வேளை பிள்ளைகள் வேறு ஏதாவது கேட்கத்தான் போகிறார்கள். அவர்கள் பிறந்து வளர்ந்தது லூதியானாவிலும் ஹூப்ளியிலும் புனேயிலும். திருநெல்வேலி அவர்களுக்கு லீவுக்குப் போகிற ஊர். அந்த ஒரு வேளையை டெலிவரிப் பையனிடம் விட்டுவிடுவதா, அடுப்படியில் வைத்துக்கொள்வதா என்பதுதான் கேள்வி. டெலிவரிப் பெட்டி வந்தால் அம்மாவுக்கு அதில் பங்கு இல்லை. என் மகள் இப்போது கத்தரிக்காய் வெட்டுகிறாள், அதுவும் ஆச்சி கொண்டுவந்த அரிவாள்மணையில். நாங்கள் எட்டரைக்கு உட்காருகிறோம். அம்மாவுக்கு அது கொஞ்சம் லேட்தான், ஆனாலும் காத்திருக்கிறார்.

மீந்தால் ஃபிரிட்ஜில் வைத்து மறுநாளே முடித்துவிடுங்கள். மைக்ரோவேவில் போட்டால் தூள் நமுத்துப்போகும். சாப்பிடுவதற்குக் கொஞ்சம் முன்னால் வெளியே எடுத்து வைத்தால் போதும், அங்கேயும் இதை ஆறவிட்டுச் சாப்பிடுவது உண்டு. திங்கட்கிழமை என் டிபன் டப்பாவில் ஒரு பாதி போகிறது. போன வாரம் பக்கத்து சீட் ஆபீசர் எட்டிப் பார்த்துவிட்டு, "அரே, பரலேலி மிர்ச்சி!" என்று பாதியை எடுத்துக்கொண்டார். நானும் திருத்தவில்லை.